மருந்து அடித்த கரை

ஆத்தூர்ப் பக்கம் ஓடையை ஒட்டி அப்பா எனக்கும் தம்பிக்கும் பிரித்துக் கொடுத்த நிலம் இருக்கிறது. மேற்பாதி அவனுக்கு, கீழ்ப்பாதி எனக்கு. எல்லையில், ஓடைக்கரைக்குக் கொஞ்சம் தள்ளிப் பங்குக் கிணறு. இரண்டு பேர் மல்லிகைக்கும் அந்தத் தண்ணீரை விட்டால் வேறு கதி கிடையாது.

கரை முழுக்க நொச்சியும் கோரையும் மண்டிக் கிடக்கும். தம்பிக்கு அதைப் பார்த்தாலே ஆகாது. "நாம போடுற உரம் அம்புட்டையும் இதுதான்க்கா திங்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தவன், ஒருநாள் களைக்கொல்லியோடு வந்துவிட்டான். எங்கள் பக்கத்தில் அதற்கும் மருந்து என்றுதான் பெயர். உயிரை எடுக்கிற சரக்குக்கு இப்படியொரு பெயரை எவன் வைத்தானோ!

தன் பக்கத்தை அடித்து முடித்துக் கிணற்றடிக்கு வந்தான். நான் நொச்சிப் புதருக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"தள்ளுக்கா. மேல பட்டுரும்."

"படட்டும். அடி பாப்போம்."

முறைத்துவிட்டுப் போய்விட்டான்.

அந்த வருஷத்து மழைக்குக் கரை அசையவில்லை. "எம்புட்டுச் சுத்தமா இருக்கு பாருங்க" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பெருமை பேசினான். எனக்கு எரிச்சலாக இருந்தது. பட்டுப்போன வேரும் கொஞ்ச காலம் மண்ணைப் பிடித்திருக்கும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. உள்ளே அது மக்கிக்கொண்டிருந்தது. வேர் இருந்த இடமெல்லாம் பொந்து.

மறு ஐப்பசியில் ஒரு மதியம், மலையில் பெய்த மழை ஓடையில் செம்மண் கலங்கலாக வந்தது. ஓடினேன். தம்பி எனக்கு முன்பே அங்கே நின்றான். அவன் கரையின் பொந்துகளில் புகுந்த தண்ணீர் உள்பக்கம் அவன் வயலுக்குள் கொப்பளித்தது. பிறகு கரையில் ஒரு துண்டு அப்படியே உட்கார்ந்தது. அடுத்து இன்னொன்று. மல்லிகைச் செடிகள் மண்ணோடு போயின. வெள்ளம் கரையை அறுத்துக்கொண்டே கிணற்றை நோக்கி வந்தது.

"அக்கா, கெணறு போயிருமாக்கா?" சின்னப் பிள்ளை மாதிரி கேட்டான்.

அவன் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன்.

கிணற்றடி நொச்சிப் புதர் வரைக்கும் அறுத்துவிட்டது. மண் கரைந்து வேர்கள் வெளியே தொங்கின. புதர் ஆடியது, சாய்ந்தது, ஆனால் பின்னாலிருந்த மண்ணை விடவில்லை. தண்ணீர் அதில் மோதி மோதி ஓடைக்கே திரும்பியது.

கிணறு பிழைத்தது. நியாயமாக அவனைக் கிழிகிழியென்று கிழித்திருக்க வேண்டும். அவன் முகத்தைப் பார்த்ததும் என் கோபம் எங்கோ போய்விட்டது.

மறுநாள் காலையில் வந்து நின்றான். "நாலு நொச்சிக் கம்பு ஒடிச்சுக் குடுக்கா. கரையில நடுறேன்."

நல்ல முற்றலாகப் பார்த்து ஒடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு தன் பக்கம் நடந்தவன் பாதியிலேயே நின்றுவிட்டான். நடுவதற்கு அங்கே கரை இல்லை.