கடல் தெரிந்த சாமி

இன்று உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு வந்த, பெட்ரோல் பஞ்சத்தால் கரியில் ஓடும் பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிக் கரியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

என் பக்கத்து சீட்டில் இருந்த பாய் முன்பு கப்பலில் சமையல்காரர். பொழுதுபோக, ஸ்பெயின் தேசத்துக் கரையோர ஊரில் பார்த்த திருவிழாவைச் சொன்னார். மாதா சிலையைப் படகில் ஏற்றிக் கடலுக்குள் கொண்டுபோவார்களாம். ஊர்ப் படகெல்லாம் பின்னாலேயே போகுமாம்.

முன் சீட்டில் கோழிக்கூடையோடு இருந்த அம்மா திரும்பினார்.

“எதுக்குப் பாய், மழைக்கா?”

“இல்லத்தா. கடலுக்குப் போனவுக நல்லபடியா வரணும்னு.”

அந்த அம்மா கோழிக்கூடையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டார்.

“எம் மகனைப் பட்டாளத்துல கப்பலேத்தி அனுப்பிச்சிட்டாக. மாரியாத்தாளுக்குக் கெடா நேந்திருக்கேன். ஆனா அவ கடலப் பாத்ததே இல்லையே பாய். அந்த மாதாவுக்கு என்ன செய்யணும்?”

“மெழுகுவத்தி ஏத்துவாக.”

“அம்புட்டுத்தானா? ஏத்திப்புடுறேன்.”

“மாரியாத்தா கோவிச்சுக்கிற மாட்டாளா?” என்று நான் கேட்டுவைத்தேன்.

“அவளுக்குத்தான் கெடா இருக்குல்ல. மொதல்ல பய வரட்டும்.”

கடல் தெரிந்த சாமி மதுரையில் எந்தத் தெருவில் இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த சந்தைக்குள் விசாரித்துச் சொல்வதாக அந்த அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.