சில்லடியில் சொன்ன ஐந்து பொய்

என் முதல் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம் நான் சொன்ன பாவங்கள் மொத்தம் ஆறு. ஒன்று, அம்மாவின் சீனிப் போத்தலுக்குள் விரல் வைத்தது. மற்ற ஐந்தும் பொய். அந்த ஐந்தையும் ஒரே நாளில், ஒரு லொறிச் சில்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. ஓலைத்தொடுவாயில் எங்கள் பக்கத்தில் இரண்டே இரண்டு லொறிகள் இருந்தன. ஒன்று அப்பாவுடையது, மீன் பெட்டி ஏற்றுவது. மற்றது மாமாவுடையது. மாமா என்றால் அம்மாவின் அண்ணன். அவர் விறகு, ஓடு, வைக்கோல் என்று அகப்பட்டதை எல்லாம் ஏற்றுவார். முன்பெல்லாம் இரண்டு லொறிகளும் கோயில் வேம்பின் கீழ் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த வருடம் அப்படி நிற்கவில்லை.

காரணம் திருவிழா. மாதாவின் சுரூபத்தைக் கூட்டில் வைத்துத் தோளில் சுமந்து ஊரைச் சுற்றி வரும்போது, முன்பக்கத்து வலது தோள் அப்பாவின் இடம். அந்த முறை பாதி வழியில் அப்பாவின் வேட்டி அவிழ்ந்துவிட்டது. அதைக் கட்ட ஒரு நிமிஷம் விலகினார். மாமா ஓடிப்போய் அந்த இடத்தில் தோளைக் கொடுத்தார். கூடு சரியாமல் தாங்கினேன் என்பது மாமாவின் கதை. சமயம் பார்த்து இடம் பிடித்தான் என்பது அப்பாவின் கதை. வேட்டியைக் கட்டிக்கொண்டு அப்பா திரும்பி வந்தபோது மாமா நகரவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. அதற்குப் பிறகு பத்து மாதம் இருவரும் ஒரே பூசையில் இருந்தார்கள், ஒரே சுவாமியின் கையால் நன்மை அப்பத்தை நாவில் வாங்கினார்கள். வெளியே வந்தால் ஒருவர் கிழக்கே பார்ப்பார், மற்றவர் மேற்கே பார்ப்பார்.

இதில் எனக்கு ஒரு பெரிய கஷ்டம் இருந்தது. மாமா என் ஞானத்தகப்பன், ஞானஸ்நானத்தில் என்னைக் கையில் ஏந்தியவர். முதல் நன்மை வாங்குகிற பிள்ளைக்குப் பக்கத்தில் ஞானத்தகப்பன் மெழுகுதிரி பிடித்து நிற்பது எங்கள் ஊர் வழக்கம். வருகிற ஞாயிறு எனக்கு முதல் நன்மை. வெள்ளைச் சட்டை தைத்தாயிற்று, மெழுகுதிரியும் வாங்கி அலுமாரியில் வைத்தாயிற்று. பிடிக்கத்தான் ஆள் இல்லை. கோயில் மூப்பர் பிடிப்பார் என்று அப்பா ஒரே சொல்லில் முடித்துவிட்டார். மூப்பர் நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்குக் கை நடுக்கம். என் முக்காட்டில் நெருப்புப் பிடிக்கப் போகிறது என்று நான் சொல்லிச் சொல்லி அழுதேன். உண்மையில் எனக்கு நெருப்பைப் பற்றிப் பயம் இல்லை. மாமா வேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வந்த ஒருவர் செய்தி கொண்டுவந்தார். வைக்கோல் ஏற்றப் போன மாமாவின் லொறி நேற்றிலிருந்து அடம்பனில் நிற்கிறதாம், என்ஜின் அசையவே இல்லையாம். அப்பா கேட்டும் கேட்காதவர்போல இருந்தார். அம்மா அவருக்கு முன்னால் வந்து நின்றா.

“லொறியை இழுத்துக்கொண்டு வரச் சொல்லித்தான் கேக்கிறன். ஆளை இழுக்கச் சொல்லேல்லை.”

அப்பா கொஞ்ச நேரம் முகட்டைப் பார்த்தார். “லொறிக்காகப் போறன்,” என்றார்.

“பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கோ.”

“பிள்ளைக்கு அங்க என்ன வேலை?”

“கதைக்கிறதுக்கு ஒரு ஆள் வேணுமெல்லே,” என்றா அம்மா.

அடம்பன் சந்தைக்குப் பக்கத்தில் மாமா தன் லொறியின் நிழலில் குந்தியிருந்தார். அப்பா எங்கள் லொறியைப் பின்னுக்கு விட்டு நிறுத்தி, கரைவலை இழுக்கிற தடித்த கயிற்றை எடுத்துப் போட்டார். ஒரு தலைப்பை அப்பா எங்கள் லொறியில் கட்டினார். மறு தலைப்பை மாமா தன் லொறியில் கட்டினார். இருவரும் கடற்கரைக்காரர், முடிச்சுக்குப் பேச்சுத் தேவைப்படவில்லை. கட்டி முடித்த பிறகு அப்பா என்னைப் பார்த்தார்.

“கொம்மானோட ஏறு. நான் கை காட்டினால் பிரேக்கைப் பிடிக்கச் சொல்லு.”

அப்படித்தான் நான் மாமாவுக்குப் பக்கத்தில் ஏறினேன். என்ஜின் சத்தம் இல்லாமல் லொறி ஓடுவது பெரிய அதிசயமாக இருந்தது. கயிறு விறைக்கும், தளரும், மறுபடி விறைக்கும். மேலே வைக்கோல் சரசரக்கும். மாமா என்னிடம் செபங்கள் பாடமோ என்று கேட்டார். பாடம் என்றேன். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

திருக்கேதீஸ்வரம் போகிற சந்தியைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில், முன் சில்லு றோட்டில் ஒரு பள்ளமான கிடங்கில் இறங்கியது. வெடிச் சத்தம் கேட்டது. லொறி என் பக்கமாகச் சரிந்தது. நான் தலையை வெளியே நீட்டி, “அப்பா, நில்லுங்கோ!” என்று கத்தினேன்.

இறங்கிப் பார்த்தால் ரயரின் பக்கம் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. உள்ளே ரியூப் கந்தலாகிவிட்டது. றிம்மின் விளிம்பும் உள்ளே மடிந்துபோயிருந்தது. மாமாவின் மாற்றுச் சில்லு போன கிழமையே பழுதாகி ஊரில் கிடந்தது. எங்கள் மாற்றுச் சில்லு இருந்தது, ஆனால் அதற்கு ஆணி பூட்டுகிற துளை ஐந்து. மாமாவின் லொறிக்கு ஆறு. இனிக் கடலைக் கடந்து எங்கள் தீவுக்குப் போகிற தாம்போதி முழுதும் முன்னால் கிடந்தது.

அப்பா சில்லைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னார்: “கொம்மானிட்டச் சொல்லு, கிடங்கு தெரியாத கண்ணுக்கு லொறி என்னத்துக்கு, வண்டில் ஒண்டு வாங்கி ஓட்டச் சொல்லி.”

மாமா சில்லுக்கு அந்தப் பக்கம் நின்றார். எனக்கும் அவருக்கும் மூன்று எட்டுத்தான். அந்த மூன்று எட்டு நடப்பதற்குள் எனக்கு மூப்பரின் நடுங்கும் கை நினைவுக்கு வந்தது.

“மாமா, உங்களுக்கு எங்கையும் அடிபட்டதோ எண்டு அப்பா கேக்கிறார்.”

இது முதலாவது.

மாமா என்னைப் பார்த்தார். பிறகு சில்லைப் பார்த்தார். “இல்லை எண்டு சொல்லு. பிள்ளைக்கும் ஒண்டுமில்லை எண்டு சொல்லு,” என்றார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மாமாவும் மனிதர்தானே. “கொப்பர் இழுத்த இழுவைக்குச் சில்லு மட்டும் போனது மாதா செய்த புதுமை எண்டும் சொல்லு.”

நான் திரும்ப மூன்று எட்டு நடந்தேன். “அப்பா, நீங்கள் வந்தது மாதா செய்த புதுமையாம்.”

இது இரண்டாவது. அப்பா இருமினார். “சரி, சரி. ஜக்கை எடுக்கச் சொல்லு.”

நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது. கோபமாக இருக்கும் ஆளின் சொல் மற்றவர் காதில் விழாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு கோபமாக இருக்கும்போது நான் அப்படித்தான் இருப்பேன். அவள் என்ன சொன்னாலும் கேட்க மாட்டேன்.

லொறியைத் தூக்குகிற ஜக்கு மணலில் புதைந்தது. இரண்டு முறை வைத்தார்கள், இரண்டு முறையும் இறங்கியது. அந்த நேரம் அடம்பன் பக்கமிருந்து மாட்டுவண்டிலில் வந்த ஒரு வயதான கமக்காரர் நிறுத்தி, வண்டிலில் கிடந்த பலகை ஒன்றை எடுத்துத் தந்தார். பலகையின் மேல் ஜக்கு நின்றது. நான் அங்கும் இங்கும் நடப்பதை அவர் மாட்டைத் தடவிக்கொண்டே பார்த்தார்.

“என்ன பிள்ளை, இவை ரெண்டு பேரும் ஊமையோ?”

“இல்லை ஐயா, கோவம்.”

“எப்பயிருந்து?”

“திருவிழாவில இருந்து.”

“காது கேக்குமெல்லே?”

“ஓம் ஐயா. ரெண்டு பேருக்கும் வடிவாக் கேக்கும்,” என்றேன். அவர் ஏன் அப்படித் தோள் குலுங்கச் சிரித்தார் என்று எனக்கு விளங்கவில்லை. மாட்டைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று நினைத்தேன்.

சில்லைக் கழற்றி, ரயரை எடுத்து, றிம்மை ஒரு கல்லின் மேல் வைத்தபோது தூரத்தில் மணி அடித்தது. கேதீஸ்வரநாதருக்கு மத்தியானப் பூசை. கமக்காரர் அந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். மாமாவோ மத்தியான மணி என்ற பழக்கத்தில் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டார். எங்கள் ஊரில் அந்த நேரத்தில் மணி கேட்டால் கிழிந்த வலை பொத்துகிறவனும் ஊசியை வைத்துவிட்டுத் திரிகாலச் செபம் சொல்வான். அந்தச் செபத்தை ஒருவர் முன்னுக்குச் சொல்ல வேண்டும், மற்றவர் பதில் சொல்ல வேண்டும்.

மாமா சிலுவை போட்டு முதல் வரியைச் சொன்னார். சொல்லி நிறுத்தினார். ஒரு காகம் கத்தியது. வேறு சத்தம் இல்லை. எனக்கு அந்தச் செபம் பாதிதான் பாடம், நான் வாயைத் திறப்பதா என்று யோசித்தேன். அப்போது அப்பா, சம்மட்டியைக் கையில் வைத்தபடியே, தலையைக் குனிந்து பதிலைச் சொன்னார். மாமா அடுத்த வரி. அப்பா அடுத்த பதில். முடியும்வரை அப்படியே போனது. மாதாவுக்குச் சொல்ல வேண்டிய பதிலைச் சொல்லாமல் விடுகிற துணிவு அப்பாவுக்கு இல்லை. அதை நான் பேச்சு என்று கணக்கெடுக்கவில்லை. இருவரும் மாதாவோடு கதைத்தார்கள், அவ்வளவுதான்.

பிறகு றிம்மை நிமிர்த்தும் வேலை. மாமா விளிம்புக்குக் கீழே இரும்புக் கம்பியைக் கொடுத்துப் பிடிக்க, அப்பா அடித்தார். ஓர் அடி. இரண்டு அடி. மூன்றாவதுக்குச் சம்மட்டி மேலே போனபோது கம்பி வழுக்கியது.

“பொறு மச்சான், விரல்!”

சம்மட்டி அந்தரத்தில் நின்றது. இருவரும் அந்த றிம்மையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் நெற்றி வியர்வை அதன்மேல் சொட்டியது. பிறகு அப்பா தொண்டையைச் செருமினார்.

“கொம்மானிட்டச் சொல்லு, துண்டைச் சுத்திக்கொண்டு பிடிக்கச் சொல்லி.”

இதில் மாற்ற ஒன்றும் இல்லை. அப்படியே சொன்னேன்.

விளிம்பு நிமிர்ந்தது. இனி ரயருக்குள் எதையாவது அடைக்க வேண்டும். மாமா தன் லொறியிலிருந்து வைக்கோலை இழுத்துப் போட்டார். அப்பா மீன் பெட்டி மூடுகிற பழைய வலையைக் கொண்டுவந்து போட்டார்.

“கொம்மானிட்டச் சொல்லு, வைக்கல் தாம்போதியைக் காண முன்னம் தூளாப் போயிடும்.”

“கொப்பரிட்டச் சொல்லு, வலை மட்டும் எண்டால் கிழிஞ்ச வாயால வெளிய வந்து றோட்டில மீன் பிடிக்கும்.”

நான் மாமாவிடம் போனேன். “வைக்கல்தான் நல்லதாம் எண்டு அப்பா சொல்லுறார்.” அப்பாவிடம் வந்தேன். “வலைதான் நல்லதாம் எண்டு மாமா சொல்லுறார்.”

மூன்றாவதும் நாலாவதும் அவை. ஒரே மூச்சில் சொன்னேன்.

மாமா வலையில் ஒரு பக்கத்தைத் தூக்கினார். அப்பா வைக்கோலில் ஒரு பிடி அள்ளினார். கிழிந்த இடத்துக்குச் சாக்குத் துண்டு ஒன்றை வைத்து, வைக்கோலை இறுக்கித் திரித்து, அதைச் சுற்றி வலையைச் சுற்றி, முழங்காலால் அமுக்கி அமுக்கி அடைத்தார்கள். வைக்கோல் சிந்தாமல் வலை பிடித்தது. வலை நழுவாமல் வைக்கோல் பிடித்தது. கமக்காரர் தன் பலகையை வாங்கிக்கொண்டு, என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

தாம்போதியில் நடக்கிற வேகத்தில் வந்தோம். இரண்டு பக்கமும் கடல், தளர்ந்த நேரமெல்லாம் கயிறு றோட்டில் ஏறிய தண்ணீரில் தோய்ந்தது. சில்லு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை விக்கியது. நான் மாதாவே, மாதாவே என்று எண்ணிக்கொண்டு வந்தேன். மாமாவின் வாசலில் லொறி நின்றபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. சில்லுக்குள்ளிருந்து வைக்கோல் தாடிபோலத் தொங்கியது. ஆனால் வந்து சேர்ந்துவிட்டோம்.

அப்பா குனிந்து கயிற்றை அவிழ்த்தார். மாமா ஓர் ஓரமாக நின்றார்.

“கொப்பரிட்டச் சொல்லு, கயிறு நனைஞ்சு போச்சு, காயப்போடச் சொல்லி.”

கயிறு முழுதும் அவிழ்ந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு கிழக்கும் மேற்கும்தான். நான் அப்பாவிடம் ஓடினேன்.

“அப்பா, ஞாயிற்றுக்கிழமை மெழுகுதிரி பிடிக்கத் தான் வரட்டோ எண்டு மாமா கேக்கிறார்.”

ஐந்தாவது. இதுதான் பெரிய பொய்.

அப்பா கயிற்றைச் சுருட்டினார். ஒரு வளையம், இன்னொரு வளையம், கயிறு முழுதும் சுருண்டு முடியும்வரை நிமிரவில்லை. பிறகு கயிற்றைப் பார்த்துச் சொன்னார்: “ஞானத்தகப்பன் வராமல் வேற ஆர் வாறது?”

நான் மாமாவிடம் திரும்பினேன். ஆனால் நான் போய்ச் சேரும் முன்பே அவர் வேலியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: “ஏழு மணிக்கோ பூசை?”

“ஆறரை,” என்றார் அப்பா, கயிற்றை லொறியில் எறிந்துகொண்டு.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம். சீனியை முதலில் சொன்னேன், பிறகு பொய்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

“ரெண்டு பேரும் எங்க நிண்டவை?” என்று சுவாமி கேட்டார்.

“சில்லடியில, சுவாமி.”

“நீ?”

“நடுவில.”

தட்டிக்கு அப்பால் கன நேரம் இருமல் கேட்டது. சீனிக்கு மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். பொய்க்கு ஒன்றும் தரவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து, நானாகவே ஐந்து சேர்த்துச் சொன்னேன்.

ஞாயிறு மாமா வந்தார், மெழுகுதிரி பிடித்தார். அடுத்த திருவிழாவுக்கு அப்பா வேட்டிக்கு மேல் இடுப்புவார் கட்டிக்கொண்டு போனார். முன்பக்கத்தில் வலது தோள் அப்பா, இடது தோள் மாமா. என் பொய்தான் இவர்களைச் சேர்த்தது, ஆண்டவர் அதை மன்னித்துவிட்டார் என்ற ஓர் எண்ணத்தோடு நான் வளர்ந்தேன். இப்போது இருவரும் ஒரே சேமக்காலையில் மண்ணுக்குள் இருக்கிறார்கள்.

எனக்குக் கலியாணமாகிப் பல வருடங்களுக்குப் பிறகு, என்ன காரணமோ, இப்போது அது நினைவில்லை, நானும் என் வீட்டுக்காரரும் மூன்று நாளாகக் கதைக்கவில்லை. அவர் குசினி வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு வலை பொத்தினார். நான் அடுப்படியில் நின்று மகனைக் கூப்பிட்டேன்.

“கொப்பரிட்டச் சொல்லு, சோறு ஆறிப்போகுது. திண்டால் தின்னட்டும், இல்லாட்டி நாய்க்குப் போடப்போறன்.”

மகன் மூன்று எட்டு நடந்தான். “அப்பா, நீங்கள் வரும்வரைக்கும் அம்மாவும் சாப்பிடாமல் இருக்கிறா.”

நான் அகப்பையோடு நின்றுவிட்டேன். அவன் சொன்னது எனக்குக் கேட்டது. நான் சொன்னது அவருக்குக் கேட்டிருக்கும். அவர் ஊசியை வலையில் குத்திவிட்டு, “வாறன் எண்டு சொல்லு,” என்றார். எழும்பிக் கை கழுவப் போனார். அப்போதுதான் அந்தக் கமக்காரர் யாரைப் பார்த்துச் சிரித்தார் என்று எனக்கு விளங்கியது.

நான் அரை மணித்தியாலத்துக்கு முன்பே வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தேன். இரண்டு சோற்றுக் கோப்பை எடுத்துக் கழுவி வைத்து, இரண்டிலும் சோறு போட்டேன்.