ஃபில்டர் போட்டால் ஒரு அடி பின்னால்

என் நாத்தனாரின் தொழில் நிற்பது. சிரிக்காதீர்கள். கதாநாயகி நிற்கவேண்டிய இடத்தில் முதலில் போய் நின்று, ஃபோகஸ் சரிபார்க்கிறவரை அசையாமல் இருந்து, கேமரா ஓடும் முன் விலகிவிட வேண்டும். நரையை மை பூசி மறைக்கிற வயசு வந்தும் ஒரு படத்தில்கூட அவள் முகம் வந்ததில்லை. ஃபோகஸ் பார்ப்பவர் அவள் தம்பி, அதாவது என் வீட்டுக்காரர். நான் அங்கே துணிமணிக்கு இஸ்திரி போடுகிறவள். எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் சொல்கிறேன், அவளைப் போல நிற்க ஆள் கிடையாது. லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கமாட்டாள். பின்னாடி என்றால் பின்னாடி போவாள். திரும்பிப் பார்த்தால் முகம் மாறிவிடுமாம்.

அன்று மொட்டைமாடியில் வேலை. உச்சிவெயிலை ராத்திரியாகக் காட்ட, அந்தப் பழைய கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் கறுத்த கண்ணாடி ஃபில்டரைச் செருகினார்கள். செருகியதும் ஏற்கெனவே வைத்த ஃபோகஸ் தப்பிப்போயிற்று. லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பித்தான் திருத்த வேண்டும். அந்தச் சனியன் துருவேறி இறுகிக் கிடந்தது. கேமராவைத் தள்ளிவைக்கலாமென்றால் அதன் முதுகில் சுவர்.

“அப்ப ஆளை நகர்த்துங்க,” என்றார் டைரக்டர்.

நாத்தனாருக்குப் பின்னால் கைப்பிடிச் சுவர் இல்லை. காட்சிக்காக இடித்திருந்தார்கள். கீழே நாலு மாடி.

“அக்கா, ஒரு அடி பின்னாடி,” என்றார் என் வீட்டுக்காரர். ஃபில்டர் இருட்டில் அவருக்கு அவள் முகம் மங்கலாகத் தெரிந்ததே ஒழிய, ஓரம் தெரியவில்லை. அவள் போனாள்.

அவள் காலடியில் சாக்பீஸ் கோடு போட்டார்கள். கதாநாயகி வந்து எட்டிப் பார்த்தாள். “இங்கயா? ஆளை விடுங்க சாமி!” என்று கீழே இறங்கிப் போய்விட்டாள்.

டைரக்டர் தாடையைச் சொறிந்தார். “சரிம்மா, நீங்களே நடிச்சிடுங்க.”

அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் எங்கள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

“அக்கா, வேணாம்க்கா,” என்று கேமராவை விட்டு எழுந்தார் இவர்.

“வாய மூடிட்டு ஃபோகஸப் பாருடா. எனக்கு வந்திருக்கிற ஒரே ஷாட்டு.”

“இன்னும் துளி பின்னாடி போங்க,” என்றார் டைரக்டர். அவள் கண்ணை லென்ஸில் வைத்தபடி குதிகாலை நகர்த்தினாள். காரை பெயர்ந்து கீழே போனது. விழுந்த சத்தம் வர நேரமானது.

இவர் கருவிப்பெட்டியிலிருந்து குறட்டை எடுத்து வளையத்தைப் பிடித்து ஒரே முறுக்காக முறுக்கினார். லென்ஸ் கண்ணாடி படீரென்று விரிசல் விட்டது. அடுத்த நொடி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். அவள் விட்ட அறையில் அவர் கன்னம் சிவந்தது.

“என் முகம் ஒரு தடவ வர இருந்துச்சு. கெடுத்துட்டியேடா பாவி!”

இவருக்கு அன்றோடு வேலை போனது. அதுகூடப் பரவாயில்லை, அக்கா பேச்சை நிறுத்தியதுதான் அவரை அரித்துத் தின்கிறது. இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். மாடிக்கு நான் துணி காயப்போடப் போனால், தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓரத்தில் நேராக நிற்கிறாள். பார்வை எதிரே எங்கேயோ.

“அக்கா, முன்னாடி வா,” என்று படிக்கட்டிலிருந்து இவர் கெஞ்சுகிறார்.

தம்பி சொல்லுக்கு முன்பெல்லாம் உடனே நகர்ந்தவள், இப்போது நகர்வதில்லை.