டோர்ச்சால் வரைந்த எங்கள் காம்பரா

சனிக்கிழமை காலை எட்டரை மணி ரயிலில் கொழும்புக் கோட்டையிலிருந்து புறப்பட்டேன். தோளில் பழைய கெமரா, கையில் முக்காலி, பையில் இரண்டு டோர்ச். கிளம்பும்போது அம்மா சொன்னது ஒன்றுதான்: "நம்ம காம்பராவ எப்படியாச்சும் படம் எடுத்துக்கிட்டு வா." முழங்கால் வலியால் அவரால் இனி மலை ஏற முடியாது.

சிக்கல் என்னவென்றால், எடுப்பதற்கு அங்கே காம்பராவே இல்லை. லிந்துலைக்கு மேலே, நான் பிறந்த லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின், பின்னால் மலைச்சரிவில் வெடிப்பு விழுந்துவிட்டது. ஆட்களைக் கீழே குடியேற்றி, கூரையைக் கழற்றி, சுவர்களையும் இடித்துவிட்டார்கள். அத்திவாரமும் வாசல் படிகளும்தான் மிச்சம். திங்கட்கிழமை மெஷின் வந்து அவற்றையும் மட்டமாக்கப்போகிறதாம். காம்பரா என்ற அந்த ஒற்றை அறையில் இருபது வருடம் வாழ்ந்தோம், அதை ஒரு படம் எடுத்ததில்லை. கல்யாணப் படத்தில்கூட வாடகைத் திரைச்சீலைதான் பின்னால் தொங்கும். லயத்தை யார் படம் பிடிப்பார்கள் என்று இருந்துவிட்டோம்.

ஆகவே இருட்டில் டோர்ச்சால் வரைவது என்று முடிவு. கெமராவை அசையாமல் நிறுத்தி ஷட்டரை முப்பது விநாடி திறந்து வைத்தால், டோர்ச் போகும் வழியெல்லாம் படத்தில் கோடாக விழும். கறுப்பு உடுப்பில் நடக்கிற ஆள் விழமாட்டார். சில வாரங்களாக வத்தளை வீட்டு மொட்டைமாடியில் பழகினேன். நான் வரைந்த முதல் வீடு நசுங்கிய பலாப்பழம் மாதிரி இருந்தது.

ஹட்டன் தாண்டியதும் ஜன்னலைச் சாத்த மனம் வரவில்லை. எங்கோ ஒரு தொழிற்சாலையிலிருந்து தேயிலை வாடும் மணம் வந்தது. தலவாக்கலையில் இறங்கி ஓட்டோ பிடித்தேன். காத்திருந்து திரும்பக் கொண்டுவந்து விட இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

"ராத்திரியில என்னாங்க படம் புடிக்கப்போறீங்க?" என்றார் ஓட்டோக்காரர்.

"வீடு."

"அங்கதான் வீடே இல்லையேங்க."

"அதத்தாண்ணே புடிக்கப்போறேன்."

கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார்.

பக்கத்துக் காம்பரா செல்வி அக்கா கீழே புது வீட்டு வாசலில் காத்திருந்தார். "எளைச்சிட்டியே பாப்பா" என்று ரொட்டியும் சம்பலும் வைத்தார். பாப்பாவுக்கு நாற்பத்து மூன்று வயது. அந்தக் காலத்தில் எங்கள் இரண்டு காம்பராவுக்கும் நடுச்சுவர் கூரைவரை எட்டாது. எங்கள் வீட்டுச் சண்டை அவர்களுக்கும், அவர்கள் வீட்டுக் கருவாட்டு மணம் எங்களுக்கும் தவறாமல் வந்துசேரும்.

ஏழு மணிக்கு நன்றாக இருட்டியது. பழைய லயத்துக்கு ஏறி, எதிர்த் திட்டில் முக்காலியை நிறுத்தி, டோர்ச்சை அக்காவிடம் கொடுத்தேன். கறுப்பு ஸ்வெட்டர் போட்டிருந்தார். ஷட்டரைத் திறந்ததும் ஊரே வெளுத்தது. ஓட்டோக்காரர் ஹெட்லைட்டைப் போட்டிருந்தார்.

"வெளிச்சம் பத்தலையேன்னு போட்டேங்க," என்றார் கரிசனமாக.

அவரைக் கும்பிட்டு அணைக்கச் சொல்லிவிட்டு, மறுபடி ஆரம்பித்தோம். "தலைக்கு நேரா புடிங்கக்கா. பின் மூலையிலருந்து செவர் ஓரமா நடந்து, வாசல் வழியா வெளிய வாங்க."

அக்கா நடந்தார். இல்லாத அடுப்பைச் சுற்றிக்கொண்டுதான் வந்தார். கெமராவின் திரையில் பார்த்தேன். இருட்டுக்குள் மஞ்சள் கோட்டில் எங்கள் காம்பரா நின்றது. ஆனால் வாசலருகே மட்டும் கோடு சட்டென்று தாழ்ந்து, பிறகு எழும்பியிருந்தது.

"அங்க ஏன்கா கைய எறக்குனீங்க?"

"எறக்கலையே பாப்பா. எப்பவும் போலத்தான் வந்தேன்."

வாசலில் கவனமாக இருக்கச் சொல்லி இன்னொருமுறை நடக்கவிட்டேன். இந்தத் தடவை கோடு அடிமட்டம் வைத்து இழுத்ததுபோல நேராக விழுந்தது. மூன்றாவதற்கு இடமில்லாமல் பனிமூட்டம் ஏறிவிட்டது.

"அம்மாவுக்குப் புரியுமா?" என்று கேட்டார் அக்கா.

"ரெண்டாவது படம் நல்லா வந்திருக்குக்கா," என்றேன் பெருமையாக.

ஞாயிறு காலை வத்தளையில் அம்மாவிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நல்லாருக்கு. யாரு வீடு இது?"

இரவு ரயில், முக்காலி, குளிர் எல்லாம் வீண் என்று நினைத்துக்கொண்டே, கோடு தாழ்ந்து கெட்டுப்போன படத்தைத் தள்ளிக் காட்டினேன். அம்மா விரலால் கோட்டைத் தொடர்ந்துகொண்டே வந்தார். தாழ்ந்த இடத்தில் விரல் நின்றது.

"இது செல்வியா?"

"எப்படிம்மா தெரியும்?"

"வாசல்ல குனிஞ்சிருக்கா பாரு. குனியலன்னா நெலையில மண்டை இடிக்கும்ல. நீயும்தான் எத்தன தடவ இடிச்சிக்கிட்ட."

என் கை தானாக நெற்றிக்குப் போனது. அம்மா என்னைப் பார்க்கவில்லை. அவர் விரல் அந்தத் தாழ்ந்த கோட்டைத் தாண்டி உள்ளே போயிருந்தது.

"இந்தா, இங்க அடுப்பு," என்றார், படத்தின் வெறும் இருட்டைத் தொட்டு. "இங்கதான் நீ படுப்ப."