மாரியம்மனிடம் சண்டை போட்டுத்தான் என் கணவரை மீட்டேன்

போன வருடம் பங்குனியில் என் கணவருக்கு வாயில் புண் வந்தது. நான் அவரைத் திட்டினேன். புகையிலை போடுகிற வாய். வேறு என்ன வரும்?

"இன்னும் நாலு பாக்கெட் வாங்கித் தின்னுங்க, ஆறிரும்" என்றேன்.

அவர் பதில் பேசவில்லை. பேச முடியவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சோறு இறங்கவில்லை. மோரில் கரைத்துக் குடித்தார். அப்படியே ஒரு மாதம் போனது. சித்திரையில் நெஞ்சில் நாலைந்து கொப்புளம், தண்ணீர் கோத்துக்கொண்டு. மறுநாள் முதுகில். அதற்கு மறுநாள் தலையில்.

தாராவியில் எங்கள் சந்து முழுக்கத் திருநெல்வேலிச் சனம். கொப்புளத்தைப் பார்த்த உடனே எல்லார் வாயிலும் ஒரே பேச்சு. "அம்மா வந்திருக்கா." என் கணவரின் அக்கா பேச்சியம்மாள் அடுத்த சந்தில் இருக்கிறார். நான் மதினி என்று கூப்பிடுவேன். அவர்தான் தம்பியைத் தூக்கி வளர்த்தவர். கை நிறைய வேப்பிலையோடு வந்து வாசலில் கட்டினார். தரையில் பரப்பி அவரை அதில் படுக்க வைத்தார். தாளிக்கக் கூடாது. குளிக்கக் கூடாது. மூன்று தண்ணீர் ஊற்றும் வரை மருந்தும் கூடாது, டாக்டரும் கூடாது.

நானும் அதைத்தான் நம்பினேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் நான் வேலை பார்ப்பது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சி லேபில். பதினோரு வருடமாகக் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுகிறேன். வார்டிலிருந்து ஐஸ் பெட்டியில் சாம்பிள் கொண்டு வருகிறேன். அங்கே எல்லாருக்கும் நான் மாவ்ஷி. மராத்தியில் சித்தி என்று அர்த்தம். அந்த லேபின் வேலையே தோல் நோயும் தொற்றும்தான். ஆனால் லேபில் இருப்பது நோய், என் வீட்டில் இருப்பது அம்மன் என்று நினைத்துக்கொண்டு லீவு போட்டேன்.

பதினோராவது நாள் காலையில் லேபின் தலைமை டாக்டர் போன் செய்தார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழ் அம்மாள். நாங்கள் மேடம் என்போம்.

"என்னம்மா, ஆளையே காணோம்?"

"வீட்டுக்காரருக்கு அம்மை போட்டுருக்கு மேடம். தண்ணி ஊத்திட்டு வாரேன்."

"எத்தனை நாளாச்சு? கொப்புளம் காஞ்சுடுத்தா?"

"பதினோரு நாளு. காயல மேடம். உடைஞ்சு சதை தெரியுது. புதுசாவும் வருது."

"வாய்ல புண் இருக்கா?"

"அது ஒரு மாசமா இருக்கு."

மேடம் குரலை உயர்த்தினார்.

"நீ ஐஸ் பெட்டில தெனமும் என்னத்தைத் தூக்கிண்டு வரேன்னு தெரியுமா உனக்கு?"

"தோலு மேடம். ஆளுங்க தோலு."

"அவாளுக்கெல்லாம் மொதல்ல வாய்ப்புண்தான் வந்துது. அப்புறம்தான் கொப்புளம். இன்னிக்கே அழைச்சுண்டு வா. நாளைக்குன்னு சொல்லாதே."

போனை வைத்தேன். மதினியிடம் சொன்னேன். அவர் கதவை மறித்து நின்றார்.

"அம்மா வீட்டுக்குள்ள இருக்கா. அவள மீறி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவியா? குடும்பத்தையே அடிச்சிருவாட்டி!"

"அவரு உடம்பு நெருப்பா கொதிக்குது மதினி."

"அப்ப அவகிட்டயே கேளு. பூ கட்டிப் பாப்போம்."

பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் பழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. அம்மன் காலடியில் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்ல வேண்டும். சிவப்பு வந்தால் ஆஸ்பத்திரி, வெள்ளை வந்தால் வீடு. மதினி பேப்பரில் மடித்துக் கட்டினார். சந்து முனையில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். பக்கத்து வீட்டுப் பாப்பாவும் கூட வந்தாள்.

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். எனக்கு மந்திரம் தெரியாது. "தாயே, எனக்குப் புத்தி இல்ல. எது நெசம்னு நீதான் காட்டணும். இப்பவே காட்டு" என்று மட்டும் கேட்டேன்.

பாப்பா எடுத்தாள். வெள்ளை.

எனக்கு வந்த கோபம் அந்தக் கோயிலையே எரித்திருக்கும். சத்தம் போட்டுக் கத்தினேன். "உனக்கும் எனக்கும் என்ன பகை? வருசா வருசம் தீச்சட்டி எடுத்தேன்லா? அவரு சதையப் பாத்தியா நீ? வெள்ளை எனக்கு வேண்டாம். அந்தச் சிவப்ப நானே எடுத்து உன் தலையில வைக்கேன், என்ன செய்யணுமோ செய்!"

மதினி என் கையைப் பிடிக்க வந்தார். தட்டிவிட்டேன். இரண்டாவது பொட்டலத்தைக் கிழித்தேன்.

அதிலும் வெள்ளைப் பூதான் இருந்தது.

பூசாரி என்னைப் பார்த்தார். நான் மதினியைப் பார்த்தேன். மதினி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

"எங்க அப்பாவ ஆஸ்பத்திரில விட்டோம். துணியில சுத்தித்தான் தந்தாங்க. இவனையும் விடச் சொல்லுதியா? பயமா இருக்குட்டி."

அவரை என்ன திட்டுவது? நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்து அம்மனைப் பார்த்தேன். நெசத்தைக் காட்டு என்று கேட்டேன். காட்டிவிட்டாள். எனக்குக் கோபத்தைக் கொடுத்து என் கையாலேயே அந்தப் பொட்டலத்தைக் கிழிக்க வைத்தாள். பொறுமைசாலியாக இருந்திருந்தால் வெள்ளைப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அவர் செத்திருப்பார்.

அரைமணி நேரத்தில் டாக்சியில் ஏற்றினோம். மதினியும் வந்தார். வழியெல்லாம் "மாரியாத்தா, மாரியாத்தா" என்றபடி தம்பியின் தலையை மடியில் தாங்கிக்கொண்டிருந்தார்.

மேடம் வார்டிலேயே நின்றிருந்தார். பார்த்ததும், "அம்மை இல்லை, பெம்பிகஸ்" என்றார். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். உடம்புக்குள் கிருமியை அடிக்க ஒரு காவல் இருக்கிறது. சில பேருக்கு அந்தக் காவல் புத்தி கெட்டுப்போய் சொந்தத் தோலையே அடிக்கும். தோலை ஒட்டிவைத்திருக்கும் பசை விட்டுப்போகும். கொப்புளமாக எழும்பி உரியும். காவலை அடக்க மருந்து இருக்கிறது. ஆனால் காவலை அடக்கினால் கிருமி உள்ளே வரும். இந்த நோயில் நிறையப் பேர் கிருமியால்தான் சாகிறார்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும், எப்போது எவ்வளவு கொடுக்கலாம் என்பதுதான் மேடத்தின் ஆராய்ச்சி.

என் கணவரின் புண்ணில் ஏற்கனவே சீழ். குளிக்காமல் படுத்திருந்த பலன். மேடம் பஞ்சுக் குச்சியால் ஆறு இடத்தில் துடைத்து எடுத்தார். பெட்டியை என்னிடமே கொடுத்தார். பதினோரு வருடமாகத் தூக்கிய அதே பெட்டி. அன்று அது கனத்தது. யாரோ ஒருத்தரின் சாம்பிள் என்று இதுவரை தூக்கியதெல்லாம் யாரோ ஒருத்தியின் புருஷன், யாரோ ஒருத்தியின் பிள்ளை. எனக்கு உறைத்தது.

இரண்டு நாள் கழித்து, சாம்பிளைத் தடவி வைத்த லேப் தட்டில் கிருமி முளைத்தது. கொடுத்துக்கொண்டிருந்த மருந்துக்கு அது மசியவே இல்லை. மேடம் அந்த நிமிடமே மருந்தை மாற்றினார். மூன்றாவது நாள் காய்ச்சல் விட்டது. அதன் பிறகே காவலை அடக்கும் மருந்தைக் கூட்டினார். அந்த மூன்று நாளும் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து நான் கேட்டது ஒன்றுதான். "தாயே, அந்தம்மா கண்ணுக்கு எதுவும் தப்பக் கூடாது." எதுவும் தப்பவில்லை.

ஒரு நாள் மேடம் என்னை லேபுக்குள் கூப்பிட்டார். "மாவ்ஷி, இங்க வா. இதுல பாரு."

மைக்ராஸ்கோப்பைத் துடைத்திருக்கிறேன். உள்ளே பார்த்ததில்லை. பார்த்தேன். இருட்டில் பச்சையாக ஒளிவிட்டுக்கொண்டு, மீன்வலை மாதிரி.

"இதுவா எங்க வீட்டுக்காரரு?"

"அவர் தோல். அந்தப் பச்சைதான் நான் சொன்ன காவல், அவரைப் போட்டு அடிக்கறது."

"பாக்க அழகா இருக்கே மேடம்."

"எனக்கும் அப்படித்தான் தோணும். வெளில சொன்னா அடிக்க வருவா."

இரண்டு பேரும் சிரித்தோம். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன்.

ஆனி கடைசியில் வீட்டுக்கு வந்தார். முதல் நாள் புளிக்குழம்பு வைத்தேன், காரம் குறைத்து. அவர் ஒரு வாய் சாப்பிட்டார். மெதுவாக மென்றார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னட்டி இது, உப்பும் இல்ல, உறைப்பும் இல்ல?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மதினி சிரித்துச் சிரித்துப் புரையேறினார்.

இன்றும் மாத்திரை போடுகிறார். மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போகிறார். முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் புதுக் கொப்புளம் ஒன்றுகூட இல்லை. கார்கானாவில், அவர் வேலை பார்க்கும் பட்டறையில், மறுபடி பை தைக்கிறார். புகையிலையைத் தொடுவதில்லை. இந்த ஆடிக் கொடைத் திருவிழாவில் நான் தீச்சட்டி எடுத்தபோது பக்கத்திலேயே வேப்பிலையோடு நடந்து வந்தார். முதுகில் கறுப்புக் கறுப்பாகத் தழும்பு. சட்டை போடாமல்தான் வந்தார். எல்லாரும் பார்க்கட்டும் என்றார்.

மதினிதான் ஆளே மாறிவிட்டார். எந்த வீட்டில் வேப்பிலை கட்டினாலும் முதல் ஆளாகப் போய் நிற்கிறார்.

"வாயத் தொற. புண்ணு இருக்கா? எத்தனை நாளு? எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போய் கேஸ் பேப்பர் போடு. அம்மாவே சொல்லிட்டா."

"எப்ப சொன்னா மதினி?"

"எங்கிட்டதான் சொன்னா. ஒனக்கு என்ன?"

அக்கா தங்கச்சிகளே, அண்ணன் தம்பிகளே, நான் படித்தவள் இல்லை. பட்டதைச் சொல்கிறேன். வேப்பிலை கட்டுங்கள், விளக்கு ஏற்றுங்கள், அன்றைக்கே டாக்டரிடமும் காட்டுங்கள். அதற்காக அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். வாய்க்கு வந்தபடி அவளைத் திட்டியவள் நான். என் தாலியைக் காப்பாற்றித்தான் கொடுத்தாள். அவளிடம் நிஜத்தைக் கேளுங்கள். நீங்களே பதிலைக் கட்டி எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

ஆஸ்பத்திரி என்றால் பயமா? என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கேஸ் பேப்பர் போடும் ஜன்னல் வரைக்கும் நானே கூட வருகிறேன். இவ்வளவு நாள் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று வழியெல்லாம் திட்டுவேன். அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நடந்து வாருங்கள்.