மூன்று நாள் கழுவிய புழு

கொட்டாஞ்சேனை பெனடிக்ட் போய்விட்டார். முந்தாநாள் காலை, கடை திறக்கிற நேரம்... மாரடைப்பு.

அவரோடு எனக்கு இருக்கிற கோபம் இன்னும் போகவில்லை. அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

கொழும்பில் மீன் டாங்க் வைத்திருக்கும் நண்பர்கள் பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்கு: வீட்டின் முன் அறைதான் வளர்ப்பு மீன் கடை. வாசலில் ஒரு பேசின், அதற்குள் மீனுக்குப் போடுகிற உயிர்ப் புழு. நூல் மாதிரி மெல்லிய சிவப்புப் புழுக்கள், ஒன்றோடொன்று பின்னி உருண்டையாகக் கிடக்கும்.

அது அழுக்குத் தண்ணீரில் வளர்கிற புழு. சாக்கடைக் கானிலிருந்து அள்ளி அப்படியே போட்டால் மீனுக்கு நோய் வரும். ஓடுகிற பைப் தண்ணீரில் மூன்று நாள் வைத்துக் கழுவித்தான் விற்க வேண்டும்.

"மூணு நாள் கழுவாம ஒரு ஸ்பூன் வெளிய போகாது சேர். மாதா மேல சத்தியம்" என்பார்.

நம்பினேன். நம்பியது மட்டுமில்லை, பத்திரிகையில் அவரைப் பற்றி அரைப் பக்கம் எழுதினேன். எந்தச் செய்தியையும் இரண்டு பேரிடம் கேட்காமல் எழுதாதவன், அவர் வீட்டுப் பின்பக்கத்துப் பைப்பை ஒருமுறை எட்டிப் பார்க்கவில்லை.

அந்த அரைப் பக்கத்தை ஃபிரேம் போட்டு, பேசினுக்கு மேலே மாட்டினார். சந்தேகப்படுகிற கஸ்டமருக்கெல்லாம் அதைத்தான் காட்டுவார்.

வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் அப்போது ஒரு டிஸ்கஸ் சோடி இருந்தது, சாப்பாடு பெனடிக்டின் புழுதான். தட்டையான, வட்ட மீன். குஞ்சுகள் தாய் தகப்பனின் உடம்பில் ஒட்டிக்கொண்டு, அந்தத் தோலில் ஊறுவதைத்தான் சாப்பிடும்.

குஞ்சு பொரித்த அன்று, என் மனைவி வசந்தி சோற்றுக் கோப்பையோடு டாங்குக்கு முன்னால் இருந்தவள் எழும்பவேயில்லை.

ஒன்பதாம் நாள் எல்லாம் செத்தன. சோடியும்... குஞ்சுகளும்.

பெனடிக்டிடம் ஓடினேன். நாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்.

"புழுவில பிழை இருக்காது சேர். வீட்ல யாரோ கை போட்டிருக்காங்க. சோப் கை, சமைச்ச கை... டிஸ்கஸ் தாங்காது. அக்காவைக் கேட்டுப் பாருங்க."

கேட்டேன். கேட்டேன் என்று எழுதுவது சரியில்லை. சத்தம் போட்டேன்.

"சத்தியமா நான் கை வைக்கேல்லை. அந்தப் புழுக்காரனை நம்புறியள், என்னை நம்பமாட்டியள்" என்றாள் வசந்தி.

பிறகு வேறு மீன் வாங்கினேன், எதையும் தாங்குகிற சாதி. புழுவும் பெனடிக்டிடம்தான். வசந்தி டாங்க் பக்கமே வரவில்லை. நான் வெளியூர் போனால் மீனுக்குச் சாப்பாடு போடப் பக்கத்து ஃபிளாட்காரர் வர வேண்டும். ஏழு வருடமாக இப்படித்தான்.

போன வருடம் கொட்டாஞ்சேனையில் இரண்டு நாள் நீர்வெட்டு. இரண்டாம் நாள் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனவன் கடைக்குள் நுழைந்தேன்.

ஊரில் பைப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வாசலில் பேசின் நிறையப் புழு. "இன்னைக்குக் காலைல வந்த சரக்கு" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

மேசைக்குப் பின்னால் அவருடைய சொந்த டிஸ்கஸ் டாங்க். அதற்கு, ஃபிரீசரிலிருந்து பாக்கெட் புழுவை எடுத்துக் கரைத்துப் போட்டார். சுத்தம் செய்து, கட்டியாக உறைய வைத்து வருகிற புழு.

"உங்கட மீனுக்கு உயிர்ப் புழு போடுறதில்லையோ?"

"ஐயோ, அது கஸ்டமருக்கு சேர்."

சொன்ன பிறகுதான் நிமிர்ந்து, யாரிடம் சொன்னோம் என்று பார்த்தார்.

"மூணு நாள் வச்சா பாதி செத்துப் போகும் சேர்..." என்று சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. அவர் தலைக்கு மேலே, என் பெயரோடு, அந்த அரைப் பக்கம்.

அதற்குப் பிறகு அந்தக் கடைக்குப் போகவில்லை.

நேற்றுச் செய்தி வந்ததும் வசந்திதான் சொன்னாள். "ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வருவம். எத்தனை வருசம் பழகின மனுசன்."

நான் வரவில்லை என்றேன். ஏன் என்று கேட்டாள். சொன்னேன்.

"உங்களுக்கு இது எப்ப தெரியும்?"

"போன வருசம்."

சீலையை மாற்றிக்கொண்டு வந்தாள். ஓட்டோவைத் தானே மறித்து ஏறினாள்; நானும் பின்னால் ஏறினேன்.

முன் அறையில், டாங்குகளுக்கு நடுவில் பெட்டி. ஃபிரேம் அதே இடத்தில். பெனடிக்டின் மனைவி மேரியக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அழுது முடித்துச் சொன்னார். "அவர் போனதுலருந்து மீனெல்லாம் பட்டினி சேர். எதைப் போடுறதுன்னு எனக்குத் தெரியாது."

எனக்குத் தெரியும். ஃபிரீசரைத் திறந்து ஒரு கட்டியை எடுத்து, கிண்ணத்தில் தண்ணீர் விட்டுக் கரைத்தேன். அதற்குள் டிஸ்கஸ் எல்லாம் கண்ணாடிக்கு வந்துவிட்டன.

வசந்தி கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கினாள். டாங்க் மூடியைத் தூக்கினாள். பிறகு, அத்தனை பேருக்கும் முன்னால், என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"நான் கை வைக்கலாமோ?"

...

உங்கள் மீன்கள் சாப்பிட்டன, பெனடிக்ட். போய் வாருங்கள்.