பானெட்டில் ஏறாத மான்

டெல்மர் ஹௌகன் எங்கள் ஊர் சீஸ் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவன். பால் ஒரு டிகிரி சூடேறிவிட்டால் ஊரையே கூட்டிவிடுவான். அதே ஆள், நவம்பரில் மான் சுட்டால் அதை அப்படியே காரின் பானெட்டில் கட்டி, மதுக்கடை மதுக்கடையாக ஊர்வலம் விடுவான். கீழே எஞ்சின் கொதிக்கும், மேலே மான் வேகும். வீடு வந்து சேர நாலு மணி நேரமாகும். அமெரிக்காவில் எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் எல்லோரும் அடிக்கிற கூத்துதான் என்றாலும் டெல்மர் அளவுக்கு யாரும் அடித்ததில்லை.

அந்தக் கறியை அவன் மனைவி ஆர்டிஸ் இருபது வருடமாகச் சமைத்தாள். நாற்றம் போக வினிகரில் ஊறவைத்து, மூன்று மணி நேரம் வேகவைத்து, மேலே தக்காளி சாஸைக் கொட்டுவாள். அப்படியும் ஈரக் கம்பளியை மெல்வது போலிருக்கும். பக்கத்து வீட்டுக்காரனாகப் போன பாவத்துக்கு நானும் தின்றிருக்கிறேன். காட்டு மான் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று டெல்மர் சாதிப்பான்.

அந்த வருடம் ஆர்டிஸுக்குப் பொறுமை போய்விட்டது. வேட்டைக்கு முந்தின நாள் என் எதிரிலேயே சொன்னாள்: "இந்தத் தடவையும் நாறுச்சுன்னா அடுத்த நவம்பர் நீ காட்டுக்குப் போகமாட்டே, டெல்மர். எங்கக்கா வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போவே."

சொன்னால் செய்கிறவள். அரசாங்கம் வேட்டைக்கு விடுகிற அந்த ஒன்பது நாளுக்காகத்தான் டெல்மர் மீதி வருடத்தையே ஓட்டுகிறான். ஆளுக்கு முகம் செத்துவிட்டது. பாலுக்குக் காட்டுகிற அக்கறையை மானுக்கும் காட்டித் தொலையேன் என்றேன். இருபது வருடத்தில் அது அவனுக்குத் தோன்றவே இல்லையாம்.

அவன் நேரம் பாருங்கள், மறுநாளே அவன் வாழ்நாளில் பார்க்காத பெரிய மான் விழுந்தது. கொம்பில் பத்துக் கிளை. கூடப் போயிருந்த நானும் அவனுமாக அங்கேயே குடலை எடுத்து, நெஞ்சைப் பிளந்து, குச்சியால் முட்டுக்கொடுத்துக் குளிர்காற்று போக விட்டோம். என் வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம்.

வழியில் மதுக்கடை. வாசலில் பதினைந்து பேர் ஒருவர் மானை ஒருவர் அளந்துகொண்டிருந்தார்கள்.

"அஞ்சே நிமிஷம்ப்பா," என்றான் டெல்மர்.

"உனக்கு என்னிக்கு அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கு? பெயின்ட்டு என்ன கலருன்னு கேட்டு வெச்சுக்கோ."

கொஞ்ச நேரம் அந்தக் கூட்டத்தையே பார்த்தான். பிறகு தொப்பியை முகத்தில் இழுத்துக் கவிழ்த்துக்கொண்டு, ஓட்டு என்றான். தொப்பிக்கு அடியில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. எனக்கே பாவமாகப் போய்விட்டது.

வந்த கையோடு தோலை உரித்து, குளிர்ந்த கொட்டகையில் ஆறு நாள் தொங்கவிட்டான். தெர்மாமீட்டரும் கையுமாக வேளாவேளைக்குப் போய்ப் பார்த்தான். மான் கொழுப்பு மெழுகு மாதிரி அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் கொழுப்பு, சவ்வு எதையும் விடாமல் வழித்தெறிந்தான். கடைசியில் காய்ந்த வாணலியில் வெண்ணெய் போட்டு, பக்கத்துக்கு இரண்டே நிமிடம் வாட்டி எடுத்தான்.

ஆர்டிஸ் சாஸ் பாட்டிலைப் பிடித்தபடியே உட்கார்ந்தாள். ஒரு வாய் மென்றாள். பாட்டிலைக் கீழே வைத்தாள். தட்டைக் காலி செய்தாள்.

"நல்லாருக்கு. அடுத்த வருஷமும் போயிட்டு வா," என்றாள். அவன் சிரிக்க வாயெடுப்பதற்குள் அடுத்தது வந்தது. "அப்போ இருபது வருஷமா மான் மேல ஒரு தப்பும் இல்ல?"

டெல்மர் எழுந்து பாத்திரம் கழுவப் போனான்.